பேனாக் கோட்டுக்கு உள்ளே

இன்னும் தாண்டவில்லை. தாண்டவில்லைதான், ஆனால் தொட்டுவிட்டதோ என்று ஆவுடைக்கு ஒரு சந்தேகம். கண்ணாடியைக் கழற்றி நைட்டியின் ஓரத்தில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிமேல் தலையணை அடுக்கி ஏற்றி வைத்திருந்த தன் இடது காலை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமானைப் போலக் குனிந்து பார்த்தாள். விரலிலிருந்து கெண்டைக்காலின் பாதிவரை சிவந்து வீங்கி, தோல் இழுபட்டு, கொதிநீரில் போட்டெடுத்த தக்காளி மாதிரிப் பளபளத்தது. அந்தச் சிவப்பைச் சுற்றி நீல மார்க்கர் பேனாவால் டாக்டர் ஒரு கோடு போட்டிருந்தாள். டாக்டர் என்றால் சின்னப் பெண்தான், பெங்களூரில் இருக்கும் தன் மகளைவிடச் சின்னவள் என்று பார்த்தவுடனே ஆவுடை கணக்குப் போட்டுவிட்டாள். ஜியாக்ரஃபி நோட்டில் மாவட்ட எல்லை வரைகிற பிள்ளை போல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு சிரத்தையாக வரைந்தது. “இது செல்லுலைட்டிஸ் ஆன்ட்டி. தோலுக்கு அடியில கிருமி பரவுது. மாத்திரை வேலை செஞ்சா சிவப்பு கோட்டுக்கு உள்ளயே சுருங்கும். கோட்டைத் தாண்டி வெளிய வந்துச்சுன்னா யோசிக்காதீங்க, நேரம் பாக்காதீங்க, நேரா இங்க வந்து அட்மிட் ஆயிருங்க. ஊசி மருந்தா நரம்புல ஏத்தணும். விட்டா ரத்தத்துல கலந்துரும், காலுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.” என்னமோ காலும் அவளும் வேறு வேறு ஆட்கள் என்பது போல. மாத்திரை வேலை செஞ்சா. செய்யும், ஏன் செய்யாது, கையில் இருந்தால் செய்யும். நேற்று ராத்திரி போட்டதோடு அட்டை காலி. காலை வேளைக்கு இல்லை, மத்தியான வேளைக்கு இல்லை. வாங்கிவரப் போன மனிதரையும் காணோம், கரண்டையும் காணோம். இரண்டும் ஒரே இடத்தில்தான் தொலைந்திருக்கின்றன.

ராத்திரி அடித்த கோடை மழைக்கு எங்கேயோ மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டது என்று விடியும் முன்பே போன் வந்தது. அவள் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம் மின்சார ஆபீஸில் ஃபோர்மேன். ஓய்வு பெறப் போகிற வயதில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கத்தினால் போதும், ஆனால் அந்த மனிதருக்குக் கீழே நிற்கத் தெரியாது. “வரும்போது மாத்திர வாங்கிட்டு வந்துருதேன் ஆவுட” என்று சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். சட்டைப் பையில் டாக்டர் சீட்டு. அந்தச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கடைக்காரனுக்கு போன் போட்டாவது கேட்டிருக்கலாம், சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைத் தரமாட்டேன் என்கிறான், அவன் சொல்வதும் சரிதான். சீட்டில் முழு அளவுக்கும் எழுதியிருந்தது. முழுசாக வாங்கியிருந்தால் இப்போது இந்தக் கூத்து எதற்கு? பாதி அட்டை. எப்போதும் பாதி அட்டைதான் அவருக்கு. கஞ்சத்தனம் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம், அது இல்லை, இது ஒரு தத்துவம். “புண்ணு வாடிப்போச்சின்னா பொறவு எதுக்குட்டி மாத்திர? ஒடம்புக்குச் சூடு. மாத்திரைக்கு ஒடம்பு பழகிரப்பிடாது.” கடைக்காரனிடம், மொதல்ல பாதி குடுங்க, பாப்போம் என்பார். அவன் கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டுவான். வெட்டுகிற வெட்டில் மருந்தின் பெயரும் தேதியும் கடைக்காரன் பக்கமே போய்விடும். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் தலை வெட்டின மீன்களைப் போல வெள்ளி வெள்ளியாக அட்டைத் துண்டுகள். எது காய்ச்சலுக்கு, எது வயிற்றுக்கு, எது அவர் அம்மா கடைசியாகச் சாப்பிட்டது, யாருக்குத் தெரியும்? காலையில் அந்த டப்பாவையும் மடியில் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். தன் மாத்திரையைப் போலவே நீளமாக, பச்சையும் வெள்ளையுமாக ஒன்று அகப்பட்டது. வாய்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்ப டப்பாவுக்குள் எறிந்தாள். அவருக்குப் பிடரியில் ஒரு கட்டி வந்ததே, அது வாடியது என்று பாதியில் நிறுத்தி, அது உள்ளுக்குள்ளேயே இருந்து மறுபடி கிளம்பி, சர்ஜன் கீறி எடுத்து, இப்போதும் சட்டைக் காலருக்கு மேலே அரணைக் குட்டி மாதிரி வடு தெரிகிறதே, கண்ணாடியில் அவருக்குத்தான் தெரியாது. அந்தச் சின்னப் பெண்ணிடம் அவரை வைத்துக்கொண்டே இதையெல்லாம் ஆவுடை சொன்னாள். “பழகறது உடம்பு இல்ல ஸார், கிருமி. பாதியில விட்டீங்கன்னா சாகாம மிச்சம் இருக்கிற கிருமி மருந்தைப் பாத்து வச்சுக்கும், அடுத்த தடவை அதே மருந்துக்கு அசையாது” என்று அது பொறுமையாக விளக்கியது. இவர் முதல் பெஞ்சுப் பையன் மாதிரித் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு நேராகக் கீழே போய்ப் பாதி அட்டை வாங்கிவந்தார்.

விண் விண் என்று தெறிக்கிறது. காலில் அல்ல, விரலில். அந்த விரலில். பார்க்கக்கூடாது என்று வைத்திருந்த இடத்துக்கே கண் போகிறது. பெருவிரலுக்கு அடுத்த விரலில் மெட்டி. கல்யாணத்தன்று அம்மியில் காலைத் தூக்கி வைத்து அவர் போட்டுவிட்டது. கனமான வெள்ளி, மூன்று சுற்று, அடியில் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இப்போது மெட்டி தெரியவில்லை, மெட்டி இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம் தெரிகிறது, இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நிற்கிறது, நுனி கருநீலமாக இருக்கிறது. ஆரம்பித்ததே அதற்கு அடியில்தான். பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு முன்னால் நின்று நின்று, தண்ணீர் சொட்டிச் சொட்டி, மெட்டிக்குக் கீழே ஈரம் காயாமல் வெந்துபோய்ச் சேற்றுப்புண். சேற்றையே மிதிக்காத காலில், மூன்றாவது மாடியில், மொசைக் தரையில் சேற்றுப்புண். தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறது, ஒரு வாஷர் மாற்றுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஊருக்கெல்லாம் ஒயர் இழுக்கிறவருக்கு வீட்டில் ஒரு வாஷர் மாற்ற நேரமில்லை. “முதல் வேலையா மெட்டியைக் கழட்டிருங்க ஆன்ட்டி. வீக்கம் ஏறினா விரலுக்கு ரத்தம் போகாது. நாங்களே கட் பண்ணிரட்டுமா?” என்று அந்தப் பெண் கேட்டது. வீட்டில் போய்க் கழற்றிக்கொள்கிறேன் என்று ஆவுடை இங்கிலீஷில் சொன்னாள். பொய் சொல்வதற்கு எப்போதும் இங்கிலீஷ் வசதி. அவர் அப்போது ஜன்னல் வழியாக வெளியே கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ இன்சுலேட்டர் உடைந்திருக்கிறதாம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாள், எண்ணெய் போட்டாள். போட்டாள் என்பதும் பொய். தடவினாள், தடவிவிட்டு மெட்டியைத் தொட்டாள், தொட்டதும் கை தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. வலியால் என்று அப்போது சொல்லிக்கொண்டாள்.

நாத்தனார் கோமு தென்காசியிலிருந்து காலையிலேயே பேசினாள். அவளுக்கு யார் சொன்னார்களோ, அந்தக் குடும்பத்தில் செய்திக்குக் கால் வீங்குவதே இல்லை. “மதினி, வெள்ளிக்கிழம அதுவுமா மெட்டியக் கழத்துதேன்னு நிக்காதீக.” “நான் எங்க நிக்கேன், காலத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கேன்.” “வெளயாடாதீக மதினி. அண்ணன் கரண்டுல கை வைக்கிற ஆளு. மஞ்சளும் வேப்பெலையும் அரச்சு முழங்கால் வரைக்கும் அப்புங்க. ரெண்டே நாள்ல வத்திரும்.” “அப்பினா செவப்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு எப்படிம்மா தெரியும்? முழுக்க மஞ்சளா இருக்கும். அம்மன் காலுன்னு எவனாவது விழுந்து கும்பிட்டுட்டுப் போவான்.” “ஏயம்மா, நீங்க கான்வென்ட்ல படிச்சவுக, ஒங்கள்ட்டப் பேசி யாரு செயிக்க?” என்று வைத்துவிட்டாள். செயித்தது யார்? மெட்டி காலில்தானே இருக்கிறது. கீழ்வீட்டு எஸ்தர் டீச்சர் நேற்றே சிரித்தாள். “ஆவுடை, நான் ஜென்மத்துக்கும் மெட்டி போட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்கார், சாம்பார்ல உப்பு பத்தலைன்னு சொல்ற அளவுக்குத் தெம்பா இருக்கார். கழட்டி எறிங்க.” ஆவுடையும் சேர்ந்து சிரித்தாள். ஆடி மாதம், அஷ்டமி, கௌளி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே கிழித்துத் தொங்கவிடுகிறவள்தான் அவள். பள்ளிக்கூட கேட்டில் கொலுசு போட்டுவரும் பிள்ளைகளைக் கழற்றச் சொல்லி ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார்கள், சாயங்காலம் அவரவர் கொலுசைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுடையதும் தினமும் அந்த டப்பாவில் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிரங்கு வந்த ஹாஸ்டல் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து டிஸ்பென்சரி சிஸ்டர் அகஸ்டினா ஊதா மருந்தைப் பூசுவாள். வாயோரம், முழங்கை, முழங்கால் எல்லாம் ஊதா. ஒரு தடவை ஆவுடைக்கும் வாயோரத்தில் வந்து, ஊதா வாயோடு வகுப்பில் தனி பெஞ்சில் உட்கார்ந்தாள். காய்ந்துவிட்டது சிஸ்டர் என்று மறுநாளே போய் நின்றாள். “காஞ்சுதா இல்லையான்னு நீ சொல்லாதே. நான் போதும்னு சொல்ற வரைக்கும் வந்து நில்லு” என்று சிஸ்டர் மறுபடி ஊதாவை அப்பினாள். அன்றைக்கு அழுகையாக வந்தது. இன்றைக்கு அந்த சிஸ்டரை எங்கிருந்தாவது கூட்டிவந்து குற்றாலலிங்கத்தின் முன்னால் நிறுத்த வேண்டும் போல இருக்கிறது.

என்ன சத்தம் அது? ஃப்ரிட்ஜ் இல்லை, கரண்டுதான் இல்லையே. உர் உர் என்று எங்கிருந்தோ. பின் தெருவில் இருக்கிற கல்யாண மண்டபம். ஜெனரேட்டர். இன்றைக்கு முகூர்த்த நாள். காலையிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், காதுதான் இப்போது பிடித்தது. பிடித்தபிறகு விடமாட்டேன் என்கிறது. லைன் கிளியர் வாங்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். சப்ஸ்டேஷனில் கேட்டு, இந்த லைனில் கரண்டை நிறுத்திவிட்டோம், நீ திருப்பிச் சொல்கிறவரைக்கும் கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னபிறகுதான் கம்பத்தில் கால் வைப்பார்கள். கல்யாணமான புதிதில் ராத்திரி தூக்கம் வராமல் அவள் கேட்டபோதெல்லாம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார், பிள்ளைக்குக் கதை சொல்வது போல. மாசானமுத்துவும் லைன் கிளியர் வாங்கிவிட்டுத்தான் ஏறினான். வயர்மேன் மாசானமுத்து, தீபாவளிக்குத் தீபாவளி அதிரசம் கொண்டுவந்து தருகிறவன். அவன் ஏறிய லைனில் கரண்டு இல்லை. எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டி, அது செத்த லைனுக்குள் பின்னாலிருந்து கரண்டைத் தள்ளிவிட்டது. போஸ்டிலேயே தொங்கினான். ஆவுடை அவன் வீட்டுக்குப் போனாள், ஆபீஸ்காரர் மனைவி என்று முன்னால் உட்காரவைத்தார்கள். அவன் மனைவி பேச்சியம்மா நிறைமாசம். கால் வீங்கியிருந்தது. நாலு பொம்பளைகள் அவளைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி மெட்டியைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். வரவில்லை. பேச்சியம்மா அதுவரைக்கும் அலறிக்கொண்டிருந்தவள் அப்போது அலறலை நிறுத்திவிட்டு, “ஏத்தா, வலிக்கி, மெதுவா” என்றாள், சாதாரணக் குரலில், வளையல் போட்டுவிடுகிறவளிடம் சொல்வது போல. நுரையோடு நுரையாக மெட்டி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் டங்கென்று விழுந்து, உருண்டு, ஆவுடையின் காலடியில் வந்து நின்றது. அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கான்வென்டில் படித்த கால்.

இதுதான். இவ்வளவுதான். சோப்புப் போட்டபோது கை பின்னுக்கு வந்ததே, அது வலியால் அல்ல. நுரையைப் பார்த்ததால். கோமு சொன்னதை நம்புகிறாளா என்றால் இல்லை. நம்பவில்லை என்றால் கழற்று. கழற்ற முடியவில்லையே. நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பயப்பட முடிகிறது? மெட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒயர் எதுவும் ஓடவில்லை என்று தெரியும். ஆனால் அவர் இப்போது கம்பத்தில் இருக்கிறார், பின் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிறது, இந்த நேரம் பார்த்தா? அவர் இறங்கிவரட்டும். வந்தபிறகு கழற்றலாம். அவர் எதிரில் நிற்கும்போது கழற்றினால் ஒன்றும் இல்லை. அதுவரை விரல் இருக்குமா? போனை எடுத்துப் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மேலே ஏறும்போது போனைக் கீழே ஜீப்பில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். அப்படியென்றால் ஏறியிருக்கிறார். மறுபடி போட்டாள். இந்தத் தடவை பாதி ரிங்கிலேயே தானாக நிறுத்தினாள், ஒருவேளை சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஏறியிருந்து, போன் அடித்த அதிர்ச்சியில் கை தவறினால்? என்ன புத்தி இது. மாத்திரைச் சீட்டும் அந்தப் பையில்தான். முதுகில் ஜில்லென்று ஏதோ ஓடியது. காற்றா? எங்கே காற்று, ஜன்னலில் துணி அசையவில்லை, கழுத்தில் வேர்வை ஆறாக ஓடுகிறது, ஆனால் குளிர்கிறது. பல் ஒன்றோடொன்று தட்டியது. “குளிர் எடுத்தா அதுவும் சரியில்ல ஆன்ட்டி” என்று அந்தப் பெண் சொல்லியிருந்தது. ஆவுடை போர்வையை இழுத்தாள், இழுத்ததில் தலையணை நகர்ந்து கால் திரும்பியது, கெண்டைக்காலின் உள்பக்கம், இவ்வளவு நேரம் தலையணையில் பதிந்து கிடந்த பக்கம், ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே கோடு சிவப்புக்குள் மூழ்கிப் போயிருந்தது. நகக்கண் அகலத்துக்கு இல்லை, ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு வெளியே வந்து, அங்கிருந்து முழங்காலைப் பார்த்து மெல்லிய கீற்று ஒன்று கிளம்பியிருந்தது, மேப்பில் ஆறு வரைகிற மாதிரி. மேல்பக்கத்தையே இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், மக்கு, அடி மக்கே.

அதன்பிறகு என்ன யோசித்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கோபம் வந்தது, அது மட்டும் தெரியும். பாதி அட்டைமேல், வாஷர்மேல், கோமுமேல், சாய்ந்து விழுந்த மரத்தின்மேல், எல்லாவற்றையும்விட, இங்கிலீஷில் பொய் சொல்லிவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பொம்பளைமேல். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய பழைய டூல்ஸ் பையை இழுத்தாள். கட்டிங் பிளேயர். கைப்பிடியில் சிவப்பு ரப்பர், கரண்டு தாக்காமல் இருக்க. எழுந்து நாற்காலிக்குப் போகத் தெம்பில்லை, அங்கேயே தரையில் பேப்பரை விரித்துக் காலை நீட்டிக்கொண்டாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் மேலேதான் இருக்கிறார். இருக்கட்டும். “நீங்க ஒங்க லைனப் பாருங்க, நான் என் காலப் பாக்கேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள், சண்டைக் குரலில்தான், அது வேண்டுதல் மாதிரி வந்துவிடக்கூடாதே என்று. பிளேயரின் வாயைப் பிதுங்கிய சதைக்கும் வெள்ளிக்கும் நடுவில் நுழைத்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. அமுக்கினாள். வெள்ளி நசுங்கியது, அறுபடவில்லை. ஏத்தா, வலிக்கி, மெதுவா. மறுபடி அமுக்கினாள், இரண்டு கையாலும். ஒரு சுற்று அறுந்தது. மற்ற சுற்றுகளை ஒவ்வொன்றாக அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து, தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததை உரித்தெடுத்தாள். அடியில் சதை வெள்ளையாக ஊறிப்போய், நாற்றமும் சீழுமாக இருந்தது. விரல் நுனிக்குள் சூடாக ஏதோ பாய்ந்தது, ரத்தமாகத்தான் இருக்கும், அந்த வலியில் அவளுக்கு அம்மா என்றுகூடக் கத்த வரவில்லை. மெட்டி பேப்பர்மேல் கிடந்தது. டங்கென்று சத்தம் கேட்கவில்லை. பேப்பர் போட்டிருந்ததால்.

அப்போது மின்விசிறி அசைந்தது. ஒரு சுற்று, சோம்பலாக இன்னொரு சுற்று, பிறகு வேகம் பிடித்துப் பேப்பரின் ஓரத்தைத் தூக்கியது. கரண்டு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஓ என்று ஒரு சத்தம் எழும்பியது, கீழே யாரோ டிவியைப் போட்டார்கள். ஆவுடை மட்டும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் இருந்தாள். கரண்டு வந்துவிட்டது என்றால் அவர் இறங்கிவிட்டார், இறங்கித் திருப்பிச் சொன்னபிறகுதான் கொடுப்பார்கள். இறங்கிவிட்டுத்தான். இறங்காமல் யார் கொடுப்பார்கள்? போன் கைக்கெட்டாத தூரத்தில் நாற்காலியில் கிடந்தது. அடிக்கவில்லை. அடித்தால் அது அவராக இருக்கலாம், ஆபீஸில் வேறு யாராகவும் இருக்கலாம், மாசானமுத்து வீட்டுக்கு போன் வந்தபோது அது ஆபீஸிலிருந்துதான் வந்தது. அடிக்க வேண்டாம். அடிக்கட்டும். வேண்டாம். குளிர் உடம்பை உலுக்கியது. வாசலுக்குத் தவழ்ந்தே போய்த் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, யாரோ படியேறும் சத்தம். எஸ்தர் டீச்சரா? செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி. முப்பது வருஷமாக, காலைத் தூக்கி வைத்து நடங்களேன் என்று அவள் திட்டிக்கொண்டிருக்கிற அதே தேய்ப்பு.

“என்ன ஆவுட, கதவத் தொறந்து போட்டுட்டுத் தரையில கெடக்க?” சட்டை முழுக்கக் கிரீஸும் சேறுமாக நின்றார். அவள் முதலில் அவர் கைகளைப் பார்த்தாள், பிறகு முகத்தை, பிறகு அந்தத் தொப்பையை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கையில் மெடிக்கல் கடைக் கவர். வாங்கிக் கவிழ்த்தாள். பச்சையும் வெள்ளையுமாகப் பாதி அட்டை, ஓரம் சுத்தமாகக் கத்தரித்து. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வந்தது இருமல்.

“மொதல்ல இதப் போட்டுப் பாப்போம்னுதான்…” என்று ஆரம்பித்தவர் பேப்பரைப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார். துண்டுதுண்டாகக் கிடந்த வெள்ளியைப் பார்த்தார். “கழத்திட்டியா?”

“வெட்டிட்டேன். ஒங்க பிளேயர வச்சு.”

“நான் வந்த பொறவு…”

“வந்த பொறவா? எப்ப? வெரலு விழுந்த பொறவா? நீங்க மேல இருக்கும்போதே வெட்டினேன். கோமுட்ட வேணும்னா போன் போட்டுச் சொல்லுங்க.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அவள் காலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “கொஞ்சூண்டுதான தாண்டிருக்கு. இப்ப ஒரு வேளை போடு, ராத்திரி ஒரு வேளை போடு, வத்துதான்னு பாத்துட்டு காலைல…”

“இன்னிக்கு லைன் கிளியர் வாங்கிட்டுத்தான ஏறினீக?”

“வாங்காம எவன் ஏறுவான்?”

“பாதி வாங்கிட்டு ஏறுவீகளா? மொதல்ல பாதிய ஆஃப் பண்ணு, தொட்டுப் பாப்போம், ஷாக் அடிச்சா மிச்சத்த ஆஃப் பண்ணிக்கிடலாம்னு?”

சர்வீஸ் முழுக்கக் கேள்வி கேட்டு ஆட்களை மடக்கியவர், மடங்கிப்போய்த் தன் கையையே பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியைத் திறந்து அவளுடைய சேலை ஒன்றை எடுத்து, அது கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை என்று அவள் கத்த, வைத்துவிட்டு, ஒரு துப்பட்டாவை மட்டும் அவள்மேல் போட்டார். கீழே ஆட்டோக்காரனை போனில் கூப்பிட்டார். பேப்பரிலிருந்த வெள்ளித் துண்டுகளைப் பொறுக்கித் துடைத்துச் சட்டைப் பையில், டாக்டர் சீட்டோடு போட்டுக்கொண்டார்.

“அது எதுக்கு?”

“கெடக்கட்டும்.”

படி இறங்கும்போது அவர் ஒரு படி முன்னால், அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் குதித்துக் குதித்து. வலது கால் மெட்டி சிமென்டில் டக்கென்றது. இடது கால் அந்தரத்தில் நின்றது. தோள் கொதித்தது, வெயிலில் நின்ற சூடு. பின் தெருவில் ஜெனரேட்டர் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். பல் தட்டியது.

“ஆஸ்பத்திரில எத்தன நாள் ஏத்தணும்னு சொன்னாலும் அத்தன நாளும் இருப்பேன். வாடிட்டு, போலாம்னு வந்து நிக்கப்பிடாது.”

“சரி.”

“அந்த பிஸ்கட் டப்பாவத் தூக்கி எறியணும்.”

“சரி.”

“வாஷர்?”

“சரிட்டி.”

அந்தச் சரிகளில் ஒன்றைக்கூட அவள் நம்பவில்லை. தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குக் குதித்தாள்.